தரிசு நிலத்தில் பாசி வளர்க்கலாமா?

களர் ஏறிப் பயிர் விளையாத நிலம் சும்மா கிடக்கிறதே, அதில் தொட்டி அமைத்துப் பாசி வளர்த்தால் நல்ல வருமானம் கிடைக்கும் என்கிறார்களே, அது உண்மையா என்று விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். பாசியிலிருந்து டீசல் எடுக்கலாம், மாத்திரை செய்யலாம், கால்நடைத் தீவனம் செய்யலாம் என்றெல்லாம் செய்திகள் வருகின்றன. நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கையிலுள்ள சிறு பணத்தையும் நிலத்தையும் இதில் போடுவதற்கு முன், இத்தொழிலின் கணக்கை விவசாயிகள் நன்றாகத் தெரிந்து கொள்வது அவசியம்.

பாசி வளர்ப்பு பொய்யன்று. நல்ல பயன் தரக்கூடியதுதான். ஆனால் அதற்கு நிலம் மட்டும் இருந்தால் போதாது. தண்ணீர், உரம், மின்சாரம், விற்பனை ஆகிய நான்கும் கூடி வந்தால்தான் பாசி விளையும். இந்த நான்கும் இல்லாத இடத்தில் ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தாலும் பயனில்லை. இவை இருக்கும் இடத்தில் சில சென்ட் நிலமே போதும்.

நுண்பாசி என்றால் என்ன?

கிணற்றுப் படியிலும் தொட்டி ஓரத்திலும் வழுக்கும் பச்சைப் படலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத சின்னஞ்சிறு பாசிகளின் கூட்டம். இவற்றை நுண்பாசிகள் என்கிறோம். இவற்றுக்கு வேர், தண்டு, இலை கிடையாது. பயிர்களைப் போலவே சூரிய ஒளியையும் கரியமில வாயுவையும் கொண்டு உணவு தயாரித்துக் கொள்கின்றன. தண்ணீரில் மிதந்தபடியே வேகமாகப் பெருகுகின்றன.

நுண்பாசிகளில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. நமக்கு வேண்டியவை சிலதான். நெல் வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது நீலப்பச்சைப் பாசி. புரதச்சத்து மிகுந்து, மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கப்படுவது ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசி. உப்பளத்துச் செறிந்த உப்பு நீரிலும் வளர்ந்து, செந்நிறச் சாயச் சத்தைத் தருவது டுனாலியெல்லா. இவை தவிர எண்ணெய்ச் சத்து மிகுந்த இனங்களும் உண்டு. டீசல் பற்றிய பேச்செல்லாம் இந்தக் கடைசி வகையைப் பற்றியதே.

பாசியை மனிதன் உண்பது புதிதன்று. ஆப்பிரிக்காவில் சாடு ஏரிக் கரையில் வாழும் பெண்கள், ஏரி ஓரக் குட்டைகளில் படியும் சுருள்பாசியைக் கூடையில் அள்ளி, மணலில் ஊற்றிக் காயவைத்து, குழம்பில் சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். மெக்சிகோ நாட்டில் டெக்ஸ்கோகோ ஏரியிலும் பழங்குடி மக்கள் இதை அள்ளி உண்டிருக்கிறார்கள். இவ்விரண்டு இடங்களிலும் நீர் காரத்தன்மை கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏக்கருக்கு எவ்வளவு விளையும்?

விளம்பரங்களில் பெரிய பெரிய எண்கள் வரும். அவற்றை அப்படியே நம்பி விடக் கூடாது. பரிசோதனைச் சாலையில் கண்ணாடிக் குழாயில் ஒரு நாள் கிடைத்த விளைச்சலை ஓர் ஆண்டுக்கும் ஓர் ஏக்கருக்கும் பெருக்கிச் சொல்வதால் வரும் எண்கள் அவை.

திறந்த தொட்டியில் நன்றாகப் பராமரித்தால், ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 10 கிராம் உலர் பாசி என்பது நியாயமான எதிர்பார்ப்பு. கிராம அளவில் நடத்தும் தொட்டிகளில் 6 முதல் 8 கிராம் வரை கிடைத்தாலே நல்லது. ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். பத்து கிராம் வீதம் நாளொன்றுக்கு 40 கிலோ. ஆண்டில் 300 நாள் அறுவடை நடந்தால் 12 டன்.

இந்த 12 டன்னை நமக்குத் தெரிந்த பயிருடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 40 டன் கரும்பு வெட்டும் விவசாயிகள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கரும்பில் நூற்றுக்கு முப்பது பங்கு உலர் பொருள் என்று கொண்டால் அதுவும் 12 டன்தான். ஆக, வெறும் எடைக் கணக்கில் பாசி கரும்பை மிஞ்சி விடவில்லை. எரிக்கவும் மக்க வைக்கவும் மட்டும் பொருள் வேண்டுமென்றால் கரும்புச் சோகையும் சவுக்கும் போதும்.

அப்படியானால் பாசியின் சிறப்பு என்ன? இரண்டு உண்டு. முதலாவது, சுருள்பாசியின் உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம். இந்த அளவு சோயா மொச்சையிலும் கிடையாது. இரண்டாவது, கரும்பும் நெல்லும் தாங்காத உவர் நீரிலும் கார நீரிலும் சில பாசிகள் வளரும். இந்த இரண்டு சிறப்புகளும் கூடும் இடத்தில்தான் பாசி வளர்ப்புக்கு வாய்ப்பு இருக்கிறது.

நிலம் எவ்வளவு இருக்கிறது?

தமிழ்நாட்டின் மொத்த நிலப்பரப்பு சுமார் 130 லட்சம் எக்டேர். இதில் சாகுபடியாகும் நிலம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். களர், உவர் நிலங்கள் மட்டும் சுமார் 3 லட்சத்து 68 ஆயிரம் எக்டேர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அதில் சுமார் 3 லட்சத்து 55 ஆயிரம் எக்டேர் களர் நிலம். எஞ்சியது உவர் நிலம். இந்த எண்களைக் காகிதத்தில் பார்த்துவிட்டுத்தான் பாசி வளர்க்க நிலத்துக்குப் பஞ்சமில்லை என்று சிலர் எழுதுகிறார்கள்.

ஆனால் கணக்கில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் எல்லாம் உண்மையில் சும்மா கிடப்பதில்லை. மழைக் காலத்தில் அதில்தான் ஊர் ஆடு மாடுகள் மேய்கின்றன. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அதில் வளரும் சீமைக் கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. விறகும் அதிலிருந்துதான். புறம்போக்கு நிலமானால் அது ஊருக்குப் பொது. கண்மாய் உள்வாயானால் அதில் கைவைக்கவே கூடாது.

எஞ்சிய பட்டா நிலத்திலும் எல்லாம் பாசித் தொட்டிக்கு ஏற்றதன்று. தொட்டியில் நீர் ஒரு முழம்கூட நிற்பதில்லை. 15 முதல் 20 சென்டி மீட்டர் உயரம்தான். ஆகவே நிலம் மட்டமாக இருக்க வேண்டும். மேடு பள்ளத்தைச் சமன் செய்யும் செலவே சிறு விவசாயியின் கையைக் கடித்து விடும். பெருமழையில் வெள்ளம் தேங்கும் தாழ்வான நிலமும் ஆகாது. மின் இணைப்பும் சாலையும் அருகில் இருக்க வேண்டும். இப்படி வடிகட்டிக் கொண்டே வந்தால் லட்சம் எக்டேர் என்பது சில ஆயிரமாகச் சுருங்கி விடும்.

தண்ணீர்க் கணக்கு

நம் ஊர் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லி மீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக் கொள்வோம். கோடையில் இது இன்னும் கூடும். ஓர் ஏக்கர் தொட்டியில் 5 மில்லி மீட்டர் என்பது 20,000 லிட்டர். தொட்டியை முதலில் நிரப்ப 8 லட்சம் லிட்டர் வேண்டும். அதன் பிறகு தினந்தோறும் 20,000 லிட்டர் விட்டுக் கொண்டே இருக்க வேண்டும்.

மொத்த அளவில் இது மலைக்கத்தக்கதன்று. 300 நாளுக்கு 1,500 மில்லி மீட்டர் என்பது ஒரு போக நெல்லுக்குத் தேவைப்படும் நீரைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் நெல்லுக்கு இரண்டு நாள் தண்ணீர் தவறினால் சமாளிக்கலாம். பாசித் தொட்டிக்கு இந்தச் சலுகை இல்லை. கிணறு வற்றும் சித்திரை, வைகாசியில்தான் அது அதிகம் குடிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. நல்ல தண்ணீர் எதற்கு, உப்புத் தண்ணீரையே விடலாம் என்கிறார்கள். நீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள கிணற்று நீரைத் தினம் 20,000 லிட்டர் விட்டால், நாளொன்றுக்கு 60 கிலோ உப்பு தொட்டியில் சேரும். மழையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 300 நாளில் 18 டன் உப்பு. உப்பு ஓர் அளவைத் தாண்டினால் பாசியின் வளர்ச்சி குன்றும். அப்போது தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அந்த உப்பு நீரை எங்கே விடுவது? வாய்க்காலில் விட்டால் அடுத்தவர் வயலும், குடிநீர்க் கிணறும் பாழாகும். களர் நிலத்தைப் பயன்படுத்தப் போய் நல்ல நிலத்தையும் களராக்கிய கதையாகி விடும். உப்பளத்தையும் கடலையும் ஒட்டிய இடம் தவிர, மற்ற இடங்களில் இதற்கு வழி காணாமல் பெரிய அளவில் இறங்கக் கூடாது.

உரமும் கரியமில வாயுவும்

பாசி காற்றைக் குடித்தே வளரும் என்று எண்ணுவது தவறு. நெல் வயல் பாசிக்குக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் ஆற்றல் உண்டு. சுருள்பாசிக்கும், எண்ணெய்ப் பாசிகளுக்கும் அந்த ஆற்றல் இல்லை. எல்லாச் சத்தையும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

சுருள்பாசியின் உலர் எடையில் தழைச்சத்து நூற்றுக்கு 8 பங்கு என்று குறைத்தே கணக்கிட்டாலும், 12 டன் பாசிக்கு 960 கிலோ தழைச்சத்து வேண்டும். யூரியாவாகச் சொன்னால் 2 டன்னுக்கு மேல், அதாவது 45 கிலோ மூட்டையில் சுமார் 46 மூட்டை. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு நாம் போடுவது சுமார் 3 மூட்டை. இதனுடன் மணிச்சத்து, சாம்பல்சத்து, இரும்புச்சத்து ஆகியவையும் தேவை.

ஒரு கிலோ உலர் பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். நாளொன்றுக்கு 40 கிலோ பாசிக்கு 72 கிலோ. காற்றிலிருந்து தானாக நீரில் கரைவது இதற்குப் போதாது. சுருள்பாசித் தொட்டியில் சமையல் சோடாவைக் கரைத்து இக்குறையைச் சரி செய்கிறார்கள். பெரிய பண்ணைகளில் வாயுவையே குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். ஆலைப் புகையிலிருந்து வாயுவை எடுக்கலாம் என்றால், தரிசு நிலம் ஓரிடத்திலும் ஆலை வேறோர் இடத்திலும் இருக்கிறது.

அறுவடைச் செலவு

தொட்டி நீர் கரும்பச்சையாகத் தெரிந்தாலும் அதில் பாசி மிகக் குறைவு. லிட்டருக்கு அரை கிராம் இருந்தால் ஒரு கிலோ உலர் பாசி எடுக்க 2,000 லிட்டர் நீரை வடிகட்ட வேண்டும். ஓர் ஏக்கரில் தினம் 40 கிலோ எடுக்க 80,000 லிட்டர்.

சுருள்பாசி நூல் போன்று நீண்டு சுருண்டிருப்பதால் நெருக்கமாக நெய்த துணியிலேயே வடித்து விடலாம். சிறு விவசாயிக்கு இந்த இனத்தைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். குளோரெல்லா போன்ற பாசிகள் துணியின் கண்களில் நழுவி விடும். அவற்றைப் பிரிக்க வேகமாகச் சுழலும் இயந்திரம் வேண்டும். அதன் விலையும் மின்சாரச் செலவும் ஊர்ச் சொசைட்டிக்கே தாங்காது.

டீசல் கனவும் காட்டாமணக்குப் பாடமும்

பாசியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆராய்ச்சியை அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை 18 ஆண்டுகள் நடத்தியது. நிலம் மலிவாகவும் வெயில் மிகுதியாகவும் உள்ள நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்னுமிடத்தில் பெரிய தொட்டிகள் அமைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை விளைந்தது. ஆனால் ஆண்டுச் சராசரி 10 கிராம் அளவில்தான் நின்றது. பாலைவனத்து இரவுக் குளிர் பாசியை ஒடுக்கி விட்டது. நிலம் இருந்தது, தட்பவெப்பம் ஒத்துழைக்கவில்லை.

இன்னோர் உண்மையும் அப்போது தெளிவாயிற்று. தழைச்சத்தைக் குறைத்தால் பாசியில் எண்ணெய் கூடுகிறது. ஆனால் அப்போது வளர்ச்சி நின்று விடுகிறது. எண்ணெயும் வேண்டும், எடையும் வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. எக்ஸான் மொபில் என்னும் பெரிய எண்ணெய்க் கம்பெனி 2009-ஆம் ஆண்டு இத்துறையில் இறங்கிப் பெரும் பணம் செலவிட்டது. 2023-ஆம் ஆண்டுக்குள் அதுவும் விலகிக் கொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே கட்டுப்படியாகாத தொழிலில் இரண்டு ஏக்கர் விவசாயி முதலில் இறங்க வேண்டிய தேவை இல்லை. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை பாசியையும் மூலப்பொருள்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆராய்ச்சி தொடரட்டும். அதன் சோதனைச் செலவு விவசாயியின் தலையில் விழக் கூடாது.

காட்டாமணக்கு விஷயத்தில் நாம் பட்டதை மறந்து விடக் கூடாது. 2003-ஆம் ஆண்டு திட்டக் குழு அமைத்த உயிரி எரிபொருள் குழு, தரிசு நிலங்களில் காட்டாமணக்கு பயிரிட்டு டீசல் எடுக்கலாம் என்று பரிந்துரை செய்தது. தமிழ்நாட்டிலும் விவசாயிகள் பலர் ஆர்வத்துடன் நட்டார்கள். தண்ணீரும் உரமும் இல்லாத தரிசில் எதிர்பார்த்த காய்ப்பு இல்லை. தண்ணீரும் உரமும் உள்ள நிலத்திலோ அதைவிட இலாபமான பயிர்கள் இருந்தன. பலர் செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. தரிசு நிலத்துக்கென்று எந்தப் பொருளைச் சொன்னாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: தண்ணீரும் உரமும் கொடுத்தால்தான் இது விளையும் என்றால், அவற்றை இதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

சிறு விவசாயிக்கு ஏற்றது எது?

சுருள்பாசியைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு நல்ல அனுபவம் உண்டு. சென்னை தரமணியிலுள்ள முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம், கிராமத்துக்கு ஏற்ற சிறு தொட்டி முறைகளில் முன்னோடியாகப் பாடுபட்டது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பெரிய பண்ணை ஏற்பட்டது. நம் வெயில் இப்பாசிக்கு ஏற்றது. 30 முதல் 35 டிகிரி வெப்பமும், 9-க்கு மேற்பட்ட கார நிலையும் இருந்தால் செழித்து வளரும். இந்தக் காரத்தில் மற்றப் பாசிகளும் கிருமிகளும் அவ்வளவாகத் தலைதூக்குவதில்லை.

ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். அந்த அளவு தொட்டியில் 20 சென்டி மீட்டர் நீர் நிறுத்தினால் 8,000 லிட்டர். சிறு அளவில் செய்பவர்கள் லிட்டருக்கு 8 கிராம் சமையல் சோடாவும் 5 கிராம் உப்பும் சேர்க்கிறார்கள். அதன்படி 64 கிலோ சோடாவும் 40 கிலோ உப்பும் முதலில் வேண்டும். மற்ற சத்துக்களைப் பயிற்சியில் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் அம்மோனியா உண்டாகிப் பாசி செத்து விடும். நாள்தோறும் பல முறை கலக்கி விட வேண்டும். ஆவியாகும் 200 லிட்டர் நீரைத் தினம் ஈடு செய்ய வேண்டும். நாளொன்றுக்குக் கால் கிலோவிலிருந்து 300 கிராம் வரை உலர் பாசி எதிர்பார்க்கலாம்.

காலை இளம் வெயிலுக்கு முன் துணியில் வடித்து, நல்ல நீரில் அலசி, பிழிந்து, இடியாப்பம் போலப் பிழிந்து உலர்த்த வேண்டும். ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை தொட்டியில் விழுந்தால் சத்து நீர்த்துப் போகும். ஆகவே ஒளி புகும் கூரை வேண்டும். மனிதர் உண்ணும் பொருளாக விற்க உணவுப் பாதுகாப்பு உரிமமும், ஆய்வகச் சோதனைச் சான்றும் அவசியம். மண் தரையில் நேராக வளர்த்த பாசியை உணவாக விற்கக் கூடாது. சிமெண்டுத் தொட்டியோ தரமான விரிப்பு போட்ட தொட்டியோ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குபவர் யார் என்று தெரிந்த பிறகே தொட்டி கட்ட வேண்டும். காய்கறியைப் போலச் சந்தையில் கொண்டுபோய்க் கொட்டி விற்கும் பொருளன்று இது. மகளிர் குழுக்கள் சேர்ந்து ஒரு சென்டில் ஆரம்பித்து, ஓர் ஆண்டு வரவு செலவைப் பார்த்து விரிவுபடுத்துவதே பாதுகாப்பான வழி.

இங்கே ஓர் எச்சரிக்கை. கண்மாயிலும் ஊருணியிலும் தானாகப் படரும் பச்சை நுரை போன்ற பாசியை அள்ளி மாட்டுக்கோ கோழிக்கோ போடக் கூடாது. அவற்றில் சில இனங்கள் கடும் விஷம் உள்ளவை. அத்தகைய நீரைக் குடித்த கால்நடைகள் இறந்ததுண்டு.

தனி நிலமே வேண்டாத பாசி

பாசிக்கு நிலம் தேடி அலைய வேண்டியதில்லை. நெல் வயலே இயற்கையான பாசித் தொட்டி. நெல் வயலில் தழைச்சத்து தானாகச் சேர்வதற்கு நீலப்பச்சைப் பாசியே காரணம் என்று பி.கே.டே என்னும் நம் நாட்டு விஞ்ஞானி 1939-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். பின்னர் காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஆர்.என்.சிங், வட இந்தியக் களர் நிலங்களில் நீரைத் தேக்கி இப்பாசியை வளர்த்தால் மண் திருந்துகிறது என்று கண்டார்.

இப்பாசி நன்கு வளர்ந்தால் ஒரு போகத்தில் எக்டேருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து சேரும். ஏக்கருக்குச் சொன்னால் சுமார் 10 கிலோ. இது அரை மூட்டை யூரியாவுக்குச் சமம். நட்ட 10-ஆம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ உலர் பாசியைத் தூவி, நீர் வற்றாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இட்டால் பாசி தன் வேலையைச் செய்யாது.

விதைப் பாசியை வீட்டிலேயே தயாரிக்கலாம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், முக்கால் அடி ஆழத்தில் பாத்தி எடுத்து விரிப்பு போட வேண்டும். அதில் 8 முதல் 10 கிலோ வயல் மண்ணும் 200 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் கலந்து, அரை அடி நீர் விட வேண்டும். கலங்கல் தெளிந்ததும் தாய்ப் பாசியைத் தூவ வேண்டும். நல்ல வெயிலில் 10 முதல் 15 நாளில் தடித்த ஆடை படரும். நீரைக் காயவிட்டால் அது ஏடு ஏடாகச் சுருண்டு எழும். சுரண்டி எடுத்துச் சாக்கில் கட்டி வைக்கலாம். ஒரு பாத்தியில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ கிடைக்கும். மூன்று பாத்தி இருந்தால் ஓர் ஏக்கருக்குப் போதும். வயலைத் தவிர வேறு நிலம் வேண்டாம்; கோடையில் களத்து மூலை போதும்.

களர் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே நல்ல வழி. மண்ணைச் சோதித்து, ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, களர் தாங்கும் திருச்சி நெல் இரகங்களைப் பயிரிட்டு, அதில் நீலப்பச்சைப் பாசியைத் தூவலாம். பாசி ஜிப்சத்துக்கு மாற்றன்று; துணை. இப்படிச் செய்தால் நிலமும் திருந்தும், நெல்லும் கிடைக்கும்.

மாடு வைத்திருப்பவர்கள் அசோலா வளர்க்கலாம். அசோலா பாசியன்று, மிதக்கும் சிறு பெரணி. ஆனால் அதன் இலைக்குள்ளே நீலப்பச்சைப் பாசி குடியிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. நிழலில் ஒரு சிறு குழியில் சில்பாலின் விரித்து, மண்ணும் சாணியும் கரைத்து வளர்க்கலாம். மாடு ஒன்றுக்குத் தினம் 1 முதல் 2 கிலோ வரை நன்கு கழுவித் தவிட்டுடன் கலந்து கொடுக்கலாம். அதில் பெரும்பகுதி நீர்தான் என்பதால் புண்ணாக்கை அடியோடு நிறுத்தி விடக் கூடாது.

குத்தகைக்குக் கேட்டு வந்தால்

பாசிப் பண்ணைக்கென்று நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு யாராவது கேட்டால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மூலப் பத்திரத்தைக் கைமாற்றக் கூடாது.

2. தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், கழிவு நீர் எங்கே விடப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

3. குத்தகை முடிந்ததும் தொட்டி, விரிப்பு, உப்பு ஆகியவற்றை அகற்றி நிலத்தைப் பழையபடி ஒப்படைக்கும் பொறுப்பு யாருடையது என்று எழுத வேண்டும்.

4. விளைந்த பாசியை நாங்களே வாங்கிக் கொள்வோம் என்றால், விலையும் அளவும் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணம் கட்டச் சொன்னால் ஒதுங்கிக் கொள்வதே நல்லது.

5. ஏக்கருக்கு எத்தனை டன் என்று சொன்னால், எந்த ஊரில், எத்தனை மாதம், எவ்வளவு பரப்பில் அப்படி விளைந்தது என்று கேட்டு, அங்கேயே போய்ப் பார்த்து வர வேண்டும்.

நம் நாட்டில் நிலம் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. தண்ணீரும் பணமும்தான் குறைவு. குறைவாக இருப்பதை எந்தத் தொழில் அதிகம் கேட்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே இந்த ஆண்டு நெல் வயலில் நீலப்பச்சைப் பாசியைத் தூவி உரச் செலவைக் குறைக்கலாம். மாட்டுக்கு ஓர் அசோலாக் குழி போடலாம். வாங்குபவர் கிடைத்தால் ஒரு சென்டில் சுருள்பாசியைத் தொடங்கிப் பார்க்கலாம். தாய்ப் பாசிக்கும் பயிற்சிக்கும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகி விவசாயிகள் பயன் பெறலாம்.